வெற்று வரி

பைசந்தூ நகர நீதிமன்றம், கீழ்த்தளம், ஜூலைக் குளிர்.
மூவாயிரத்து நாற்பது ஃபைல்கள்.
எழுபத்திரண்டாம் எழுத்தில் ஒவ்வொரு வரியும்
சுவரில் முட்டியதுபோல் நின்று
பாதிச் சொல்லோடு கீழே குதித்திருந்தது.
செய்யுளில் இப்படி அறுந்தால் வகையுளி என்போம்.
இங்கே அதற்குப் பெயர் பழைய கணினி.

போதாக்குறைக்கு
வரிதோறும் கடைசியில் தொப்பி போட்ட ஓர் எம்:
தட்டச்சு உருளை இடப்பக்கம் திரும்புவதற்கான கட்டளை.
உருளையே இல்லை. கட்டளை மட்டும் இருந்தது.

ஐடா சுகாஸ்தி மாத்தேயை உறிஞ்சியபடி
ஆறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள்.
எம்மை எடு.
அறுந்ததை ஒட்டு.
வெற்று வரியா, வேண்டாம், தூக்கு.
பிளாஸ்கிலிருந்து மறுபடி வெந்நீர் ஊற்றுவதற்குள்
வேலை முடிந்திருந்தது. பிழை: பூஜ்யம்.

சரிபார்க்க எதையோ ஒன்றைத் திறந்தாள்.
இறைச்சி ஆலை விபத்து.
சாட்சி வில்மர் எச்செகோயன், வெட்டுப் பிரிவு.

கே: பெல்ட் ஓடிக்கொண்டிருந்ததா?
ப: ஓடியது.
கே: அப்போது லாசரோவின் கை எங்கே இருந்தது?
ப: என் கையில்.

மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தவன் மாதிரி.
ஐடாவுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

பழைய ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தாள், நல்லவேளை.
அதில் இப்படி:

கே: அப்போது லாசரோவின் கை எங்கே இருந்தது?











ப: என் கையில்.

பதினொரு வெற்று வரி.
என்டர் சாவி சிக்கியிருக்கும் என்று நினைத்தாள்.
அதே தட்டெழுத்தாளரின் வேறு வழக்குகளைப் பார்த்தாள்:
வேலித் தகராறு, களவுபோன மாடு, ஒரு விவாகரத்து.
எதிலும் சாவி சிக்கவில்லை.
விவாகரத்தில் மட்டும் ஓரிடத்தில் இரண்டு.

முன்பின் தெரியாத ஒருத்தி.
ஃபைலின் அடியில் த.கா. என்று இரண்டெழுத்து.
அவன் பேசாத நேரத்தையும்
விடாமல் அடித்து வைத்திருக்கிறாள்.

ஒரு வெற்று வரி எத்தனை விநாடி?
ஐடா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
என்டரைத் தட்டிப் பார்த்தாள்.
ஐந்தாவதிலேயே விரல் நின்றுவிட்டது.

ஸ்கிரிப்டில் இப்போது ஐந்தே வரி.
திங்கட்கிழமை பதிவாளர் கேட்டார்,
இவ்வளவு காலி இடம் எதற்கு, காகிதம் என்ன விலை தெரியுமா என்று.
ஐடா பதில் சொல்லச்
சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

நானும் மேலே பதினொன்றை
எண்ணித்தான் விட்டிருக்கிறேன்.
உங்களிடம் வந்து சேர்வதற்குள்
நடுவில் யார் யாருடைய ஸ்கிரிப்டோ.
குறைந்திருந்தால்
நீங்களே விட்டுப் படியுங்கள்.