நானூற்று எண்பது

யார்க்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
நான் பூட்ஸைக் கழற்றும்போதே
ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக் புகாரைத் தொடங்கிவிட்டார்:
"பக் தெரியவில்லை.
ஐஸ் ஹாக்கியில் பக் தெரியாவிட்டால்
தடித்தடியான ஆட்கள் எதற்கோ அடித்துக்கொள்வதை
வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம்."

ஐம்பத்தைந்து அங்குலத் திரை.
கடைக்காரன் ஒட்டிய 'ஃபுல் எச்.டி.' ஸ்டிக்கரை
இன்னும் உரிக்காமல் வைத்திருந்தார்,
சாட்சிக்கு.
எச்.டி. சேனல்களுக்கென்று தனியாக மாதம் பன்னிரண்டு டாலர்.
நான்கு வருடம், மூன்று மாதம்.
பெருக்கிப் பார்த்தீர்களா என்று கேட்கத் தேவையில்லாமல்
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது விடை:
அறுநூற்றுப் பன்னிரண்டு.
அடியில் இரண்டு கோடு.

ரிமோட்டில் 'இன்ஃபோ' பொத்தானை அழுத்தினேன்.
திரையின் மூலையில் ஓர் எண் வந்து நின்றது: 480.
"யாருடைய சர்க்கரை அளவு அது?" என்றார் வெர்னா,
பின்னலிலிருந்து தலை தூக்காமல்.

ஆயிரத்து எண்பது வரிகள் இருக்க வேண்டிய இடத்தில்
நானூற்று எண்பது.
மீதியைத் தேடி டிவிக்குப் பின்னால் தலையை விட்டேன்.
தூசி. பூனை தொலைத்த ஒரு பந்து.
சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பழைய வயர்கள்.
படம் மொத்தமும் அந்த மஞ்சள் ஒன்றின் வழியே
வந்துகொண்டிருந்தது,
ஒற்றையடிப் பாதையில் தேரை இழுத்தமாதிரி.

"பெட்டிக்குள் வருவது சரியாகத்தான் வருகிறது" என்றேன்.
"வெளியே வரும் வழிதான் குறுகல்."

ஓரெஸ்ட் கொஞ்சம் யோசித்தார்.
"அப்படியென்றால், பதிவு செய்து வைத்திருப்பது?"

"உள்ளே தெளிவாகத்தான் இருக்கும்.
நீங்கள்தான் பார்த்ததில்லை."

வெர்னாவின் ஊசிகள் நின்றன.

எச்.டி.எம்.ஐ வயரைச் செருகி
செட்டிங்ஸில் 1080ஐத் தேர்ந்தெடுத்தேன்.
செய்தி வாசிப்பவரின் கன்னத்தில் பவுடர் திட்டு.
அவருடைய டையில்
நான்கு வருடமாகப் புள்ளிகளாக இருந்தவை
வாத்துகள்.

யாரும் சிரிக்கவில்லை.
ஓரெஸ்ட் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார்.
பதிவுகளின் பட்டியலில் கடைசி,
அழிந்துவிடாதபடி பூட்டு போட்ட ஒன்று.
எட்மன்டன் ஆட்டம்.
வேகமாக ஓட்டினார்;
எங்கே நிறுத்த வேண்டும் என்று
கட்டை விரலுக்குத் தெரிந்திருந்தது.

"ரோமன்" என்றார்,
இல்லாத ஒருவரை எனக்கு அறிமுகம் செய்வதுபோல்.
"எங்கள் பையன். பதினோரு வருடமாக ஒரு ஃபோன் கிடையாது.
கூட்டத்தில் இருக்கிறான், பச்சைத் தொப்பி.
இவள் இல்லை என்கிறாள்."

நிறுத்தினார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஏழாவது வரிசை.
பச்சைத் தொப்பி.
அதன் கீழே தாடி,
தாடியில் மஞ்சளாகக் கடுகுச் சாஸ்,
இடது காதில் சின்ன வளையம்.
முப்பதுகூட ஆகியிராது.
யாரோ பெற்ற பிள்ளை
வாய் நிறைய ஹாட் டாக்கோடு
நன்றாக இருந்தான்.

வெர்னா எழுந்து வந்து
திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றார்.
நான்கு வருட வாக்குவாதத்தில் வென்றவர்.
"தொப்பி அதே மாதிரிதான்" என்றார்.

எனக்குச் செய்ய வேலை இருந்தது, நல்லவேளை.
பழைய வயர்களைச் சுருட்டினேன்.
படிவத்தில் 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்ற கட்டத்தில்
டிக் போட்டு நீட்டினேன்.
அவர் படிக்காமலே கையெழுத்திட்டார்.
திரையில் அந்தப் பையன்
இன்னும் மென்று முடிக்கவில்லை.

வாசலில், ஒரு பூட்ஸ் மாட்டியிருந்தபோது,
பின்னாலேயே வந்தார்.
"இதற்கும் மேலே ஒன்று இருக்கிறதாமே.
நாலு கே."

"இருக்கிறது."

"அதில் இன்னும் சரியாகத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

மாதம் எவ்வளவு என்று
அவர் கேட்கவில்லை.