போனால் மயிர்

நசீர் பாய் கடையில் ஆட்டு முடி கேட்டேன்.
மட்டனா, ஈரலா என்றார் பழக்கத்தில்.
வால் நுனி மட்டும், ஒரு பிடி.
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்,
ஜாக்கெட் அளவெடுக்கிற கைக்கு
இது எதற்கென்று.

தூண்டிலுக்கு, பாய்.

ஈயம் ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தது,
கேரட் லாரிச் சக்கரத்திலிருந்து கழன்று விழுந்த
பேலன்ஸ் கட்டி.
உருக்கி, பட்டாணி அளவு
கொக்கியின் கழுத்தில் வார்த்தேன்.
நூலுக்கு என் கடையில் பஞ்சமில்லை:
கறுப்பு, காப்பிக்கொட்டை,
பள்ளிச் சீருடைக்கு வாங்கி மிஞ்சிய மெரூன்.
மெழுகு உண்டு. கத்தரி உண்டு.
முடிச்சு அவிழாதிருக்க
மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு.

முடிதான் வாய்க்கவில்லை.

ஆட்டு முடி விறைத்தது;
வாளித் தண்ணீருக்குள்ளும்
கசாப்புக்கடையில் நிற்பதுபோலவே நின்றது.
எருமைவால் துடைப்பமாகி
அடியைப் பெருக்கிவிட்டு வந்தது.
என் சீப்பில் சிக்கியதையும் கட்டிப் பார்த்தேன்.
கூந்தலுக்கு மணமுண்டா என்ற பழைய வழக்கை
வாளியில் விசாரித்தால் தீர்ப்பு வேறு:
அதற்கு மூச்சில்லை.
நனைந்ததும் ஒட்டி ஒற்றைக் கோடாகிவிடுகிறது,
கோபித்துக்கொண்டவரின் வாய்போல.

போஜன் பேண்ட் இடுப்பைத் தளர்த்தக் கொடுத்திருந்தார்.
கூலி வேண்டாம் என்றேன்.
உங்கள் நாயின் வயிற்று முடி போதும்.
அவர் நாய்க்குப் பெயர் கலெக்டர்.
மல்லாந்து படுத்து
கையெழுத்துப் போடுகிற அலட்சியத்தோடு
வாரவிட்டது.

அந்த முடி,
நான் கையை எடுத்த பிறகும் அசைந்தது.

ஞாயிறு. எமரால்டு அணை.
புல்லெல்லாம் உறைபனி,
சீகை மரங்களுக்குப் பின்னால் வெயில் இன்னும் வரவில்லை.
ராகி உருண்டையோடு நாலைந்து பேர்
மப்ளருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.
அனுமதிச் சீட்டைப் பையில் தடவிக்கொண்டேன்.
முடியிலயா மீன் புடிக்கப் போறீங்க டெய்லரக்கா?
மயிரக் கட்டி மலைய இழுக்கிற கதைதான்,
வந்தா மலை, போனா மயிரு.
சிரித்தார்கள். நானும்.

முதல் வீச்சில்
மலையே மாட்டியது.
அணைக்குள் முழுகிய சரிவில்
வேரோ பாறையோ கவ்விக்கொண்டது.
இழுத்தேன். மலை வரவில்லை.
போனது மயிர் மட்டுமா?
கொக்கி, ஈயம், மூன்று ராத்திரிகளின் கண்.
பழமொழி சொன்னவன்
எதையும் கட்டிப் பார்த்ததில்லை போல.

இரண்டாவதில் முடியைப் பாதியாகக் குறைத்திருந்தேன்.
துணியில் கூட்டிவிட்டால் பிரிக்கலாம்,
இங்கே கூட்டினால் சுருங்கிய குடை.
அடிவரை இறங்கவிட்டேன்.
பிறகு ஒன்றும் செய்யவில்லை.

குளிர்த்தண்ணீரில் மீன் துரத்தாது.
எதிரே வந்து மூச்சுவிடுகிற ஒன்றை
யோசித்துத்தான் வாயில் வைக்கும்.
சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.
கை இருந்தது.
கால்தான் கேட்கவில்லை,
பாறைமேல் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது,
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அப்போது
ஊசிக்கடியில் துணி மாட்டினால்
விரலுக்குத் தெரியுமே,
அந்த அளவு ஒரு கனம்.

கெண்டை. பொன் நிறம்,
உதட்டோரம் கலெக்டரின் முடி மீசையாக.
கழுத்திலேயே டேப் கிடந்தது. அளந்தேன்.
நீளம் பதினேழு.
சுற்று பதினொன்றரை.
கைக்கு அளவில்லை என்று யாரோ சொன்னார்கள்.
மலை என்னவோ
அங்கேயேதான் நின்றது,
தலையில் வெயில் ஏறியிருந்தது.

தலை நாய்க்குப் போனது. அது ஒப்பந்தம்.

செவ்வாய்க்கிழமை நசீர் பாயின் பையன்
செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலம் ஒன்றைக்
கவுண்டரில் வைத்துவிட்டு ஓடினான்.
அத்தா கொடுக்கச் சொன்னார்.
கல்யாண ஜாக்கெட் இரண்டு பாக்கி.
இன்னும் பிரிக்கவில்லை.
கனமேயில்லை.
ஓரத்தில் கொஞ்சம் செம்பட்டை தெரிகிறது.