தராசின் முகம்

கொச்சியில் பதினோராம் மாடி.
மஞ்சள் ஒட்டுத்தாள்களில் எழுதினோம்:
தொழிலாளிக்கு என்ன வேண்டும்?
எழுதியவர்கள் ஐந்து பேர்.
ஏலச்செடியைத் தொட்டவர் ஒருவருமில்லை,
ஏலக்காய் டீ குடித்தவர்கள் உண்டு.

பதினாறு வசதிகளோடு பிறந்தது செயலி.
கூலிக்கணக்கு, வரைபடம், பிறந்தநாள் வாழ்த்து,
அதிகம் பறித்தவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கிரீடம்.
மூன்று மாதத்தில் திறந்தவர்கள் நாற்பது பேர்.
அதில் முப்பத்தொன்று நாங்களே.

காலை ஐந்தரைக்குக் கம்பத்தில் ஜீப் ஏறினேன்.
பதினான்கு பேர்.
யாருடைய தூக்குச்சட்டியோ என் முழங்காலைச் சுட்டது.
மெட்டு ஏற ஏற
வளைவுக்கொரு கோடாகச் சிக்னல் குறைந்து
செக்போஸ்ட்டில் செத்தது.
திரையில் வட்டம் சுழன்றது, சுழன்றது.
ஒச்சம்மா எட்டிப் பார்த்தாள்:
"அதுக்கும் தலை சுத்துதா?"

தோட்டத்தில்
விரல் நுனிதோறும் துணிச்சுற்று,
துணிக்கு மேல் கறை.
தொடுதிரைக்கு அது விரலே இல்லை.
நான் கேள்வித்தாளை எடுத்தேன்.
எங்கள் செயலிக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?
"அஞ்சையும் நீயே வச்சுக்கம்மா.
கால்ல அட்டை ஏறுது பாரு."

தாளை மடித்து அட்டையைத் தட்டிவிட்டேன்.
அன்று அந்தத் தாள் செய்த ஒரே வேலை.

அதன்பிறகு கேட்கவில்லை. பார்த்தேன்.

நாலு மணி, எடைக் கொட்டகை.
சாக்கு மேசையேறும்போதெல்லாம்
இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி
கழுத்தை நீட்டினார்கள்,
வரும் பஸ்ஸின் போர்டைப் படிப்பவர்கள்போல.
சிவப்பு எண்கள் எரிந்தது பைலிச்சேட்டன் பக்கம்.
"எட்டேகால்" என்றார், எழுதினார்.
ஒச்சம்மா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கழுத்துக்கு
எங்கள் பதினாறில் ஒரு பொத்தானும் இல்லை.

மறுநாள் பைலிச்சேட்டனிடம் கேட்டேன்,
தராசை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கலாமா என்று.
சற்று யோசித்தார்.
"வெக்காமல்லோ. இத்ர நாளா ஆரும் சோதிச்சில்ல."
இனி எண்ணைப் படிக்க
அவர்தான் எழுந்து மேசையைச் சுற்றி வரவேண்டும்,
பெண்களோடு நிற்கவேண்டும்.

அறிக்கை அனுப்பினேன்.
செய்தது: தராசு, அரை வட்டம்.
செலவு: இல்லை.
நீக்க வேண்டியது: கிரீடம் முதல் பதினாறும்.

இறங்கும் வழியில், மூன்றாம் வளைவில்
கொச்சியின் பதில் வந்து விழுந்தது:
"இதில் நம் தயாரிப்பு எங்கே இருக்கிறது?"
அதற்கு இன்னும் எழுதவில்லை.

ஏனென்றால் இன்று
ஒச்சம்மா எண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.
ஒன்பது புள்ளி ஏழு.
நோட்டில் எட்டு புள்ளி ஏழு.
"சாக்குக் கழிவு, ஒரு கிலோ" என்றார் பைலிச்சேட்டன்.
எப்போதும் அப்படித்தான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காயைக் கொட்டிவிட்டு
வெறும் சாக்கை ஒருமுறை உதறித்
தராசில் வைத்தாள்.

எண் நிலைகொள்ளாமல் ஆடியது.
பைலிச்சேட்டனும் கழுத்தை நீட்டினார்.