வல்லினம்

கொசு பாட்டை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.
கடி மட்டும் வருகிறது, முன்னறிவிப்பில்லாமல்.
நல்லதென்றே நினைத்திருந்தேன்.

குக்கர் விசில் எப்போது போனதென்று தெரியாது.
செல்போன் பாக்கெட்டில் நடுங்கினால்தான் எடுக்கிறேன்.
பர்கூர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது
சில்லறையா, இறங்கும் இடமா,
எதுவானாலும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிடுவேன்.
எல்லாக் கேள்விக்கும் அது செல்லும் என்றிருந்தேன்,
ஒருநாள் அவர் தன் அம்மா இறந்ததைச் சொல்லும்வரை.

பிறகு தாலி வந்தது.
அடுப்படியிலிருந்து சாக்கம்மா ஏதோ சொன்னாள்.
"தாலி" என்று விழுந்தது என் காதில்.
மறுபடியும் அடகுக்கா?
போன ஆடியில்தானே மீட்டோம்?
அரை நாள் சண்டை.
பெங்களூரா மாங்காய் நறுக்கிய கத்தியை
அவள் கீழே வைக்கவே இல்லை.
கடைசியில் சிலிண்டரைச் சாய்த்து
கூடம்வரை உருட்டி வந்து என் காலருகே விட்டாள்.
காலி.
கேஸ் காலி.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி. டோக்கன் நாற்பத்தொன்று.
டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.
வலது காதில் பழைய கீறல்.
ஊக்கு, வண்டிச் சாவி, தீக்குச்சி,
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.
காய்ச்சிய எண்ணெயை மட்டும் மறைத்தேன்,
அதையும் அவரே கேட்டார்.
குறும்பி அழுக்கில்லையாம், காவலாம்.
தானாக வெளியே வரும்,
நீ உள்ளே போய்த் தேடாதே என்றார்.

பஞ்சு ஒட்டிய சிறு அறை.
நூருன்னிசா மேடம் ஹெட்போன் மாட்டி,
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்.
அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் தலையசைத்தார்:
"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க.
அது உங்க காதுக்குள்ள ஓடுற மெஷின்."

தாளில் ஒரு கோடு.
இடப்பக்கம் மேட்டில் நிதானமாக நடந்து
சட்டென்று பாறைச் சரிவாக விழுந்தது,
சையத் பாஷா மலையிலிருந்து கால் தவறியதுபோல.
"உயிரெழுத்து உங்களுக்கு நல்லாக் கேட்குது.
மெய்தான் போயிட்டிருக்கு.
க, ச, த, ப."

ஆறாவதோடு நின்றவன் நான்.
வல்லினம் என்றால் கல்மாதிரி, திடமானது
என்றுதான் வாத்தியார் சொல்லியிருந்தார்.
காதுக்குள் அது முடியிழையைவிட மெல்லிசாம்.
பதினேழு வருஷம்
என் பிளேடு கிரானைட்டை அறுத்தது,
கூடவே அதையும்.
அறுந்தது முளைக்காது என்றார் மேடம்,
பேனாவை மூடிக்கொண்டே.
அறுத்த கல்லெல்லாம் முகம் தெரியும் பளபளப்போடு
எந்த ஊர்ச் சமையலறையிலோ கிடக்கும்.
அங்கே யாராவது
ஒருமுறை சொன்னால் கேட்கிறதா?

காதுமெஷின் மூன்று மாதத்தில் வரும்.
அது பிளேட்டின் சத்தத்தையும் பெரிசாக்குமாம்,
ஷெட்டுக்குள் போடக்கூடாது.
இருக்கிறதைக் காப்பாற்ற வேறு அடைப்பான் வேண்டும்.
முதலாளியிடம் கேட்டேன்.
"உனக்குத்தான் போயிடுச்சே, இனிமே எதுக்கு?"

இரண்டு ஜோடி நானே வாங்கினேன்.
ஒன்று பக்கத்து மெஷின் ஒடிசாப் பையனுக்கு.
அவன் காதில் இருந்தது பஞ்சு.
பஞ்சு போதாது என்று கையால் சொன்னேன்.
சுருட்டி, காதை மேலே இழுத்து, செருகிக் காட்டினேன்.
இந்தியில் என்னவோ கேட்டான்.
அவன் இந்தி எனக்கு முன்பும் புரிந்ததில்லை,
அதற்குக் காதைக் குற்றம் சொல்ல முடியாது.

சாக்கம்மாவுக்கு மேடம் சொன்னது ஒன்றுதான்:
கத்தாதீங்க. எதிரே, வெளிச்சத்தில் நின்று பேசுங்க.
இப்போது தோளைத் தொட்டுத் திருப்புகிறாள்.
கல்யாணமான நாளிலிருந்து
இத்தனை முறை நாங்கள்
முகம் பார்த்துக்கொண்டதில்லை.
அவளுடைய மேலுதட்டில் ஒரு மச்சம் இருக்கிறது.

தா என்றால் நாக்கு பல்லைத் தொடும்.
கா என்றால் தொடாது.
நேற்று ஜன்னலருகே நின்று ஒரு வார்த்தை சொன்னாள்.
தொடவில்லை.

சிலிண்டர் புக் பண்ணப் போனேன்.