மேலுதடு மரத்த மதியம்

மேல்வரிசைக் கோரைப்பல், ஒன்றே ஒன்று.
லுகன்வில் ஆஸ்பத்திரியில் பத்து நிமிட வேலை.
பஞ்சில் சுற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

பல்லும் பையுமாகப் படகுத்துறைக்கு வந்தாள் ரோனெத்.
கொப்பரை மூட்டைகள் வெயிலில் புளித்துக் கிடந்தன.
படகு நாலரைக்குத்தான்.
இரவல் போனில் தீவுக்குக் கூப்பிட்டாள்,
புருஷனை, பெயர் சொல்லி.

அந்தப் பெயரை நான் எழுதவில்லை.
எழுதக் கூடாது என்றல்ல,
என் முப்பது எழுத்தில் அதன் முதலெழுத்து இல்லை.
ம சொல்ல உதடுகள் கிளம்பும்போது
நாக்கு முந்திக்கொண்டு வெளியே வந்து
மேலுதட்டில் ஒட்டிக்கொள்ளும்,
தபால்தலை மாதிரி.
கோயில் பதிவேட்டில் எம் எழுதி
மேலே இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்கள்.
என் மொழியில் ஒரு புள்ளி வைத்தாலே உயிர் போய்விடும்.
அங்கே இரண்டு வைத்தால்
நாக்கு வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்.

இன்றும் வந்தது.
மேலே ஏறித் துழாவியது.
உதடு இருந்த இடத்தில்
யாருடையதோ ஒரு ரப்பர் துண்டு.
வழுக்கித் திரும்பிப் பல்லில் மோதி
ந என்று விழுந்தது பெயர்.

யார், என்றான் அவன்.
மறுபடி சொன்னாள். மறுபடியும் ந.

அக்கரைக்காரர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்,
வட்டிக்கடை வைத்திருக்கிறவர்கள்.
உடனே பிஸ்லாமாவுக்கு மாறினான், குரலில் சர்க்கரை போட்டு:
மோட்டார் பாக்கிதானே அம்மா,
அறுபதாயிரம் வாட்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது,
கிழங்கு விற்றதும் தருகிறேன்,
என் மனைவிக்கு மட்டும் தெரியவேண்டாம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ம்ம், என்றாள்.
அதற்கு நாக்கு தேவைப்படவில்லை.

அறுபதாயிரம்.
பழைய மோட்டாரே ஓடிக்கொண்டுதானே இருந்தது.

மூன்று மணிக்கு மூக்கடியில் முதல் எறும்பு ஊர்ந்தது.
பிறகு கூட்டமாக.
மூட்டை மேல் உட்கார்ந்து
நாக்கை நீட்டி நீட்டி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.
எதிரே ஐஸ் தின்றுகொண்டிருந்த பையன்
பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்து
அவனும் நாக்கை நீட்டினான், பச்சை நிறத்தில்.

நாலேகால்.
ரத்தத்தைத் துப்பிவிட்டு எண்ணை அழுத்தினாள்.
வெறும் பெயர். அவ்வளவுதான்.
நாக்கு ஏறி, உதட்டில் அழுந்தி,
ஈரமாகப் பிரிந்த அந்த முதலெழுத்து,
அவர்கள் தீவில் மட்டும் விளைகிற எழுத்து.

அந்தப் பக்கம் நாய் குரைப்பது கேட்டது.
அலை கேட்டது.
வெகுநேரம் அவை மட்டும்தான் கேட்டன.