எந்த நெஞ்சு

செவ்வாய் பதினொரு மணிக்கு
மேசை நடுவில் தொலைபேசியை வைத்து
ஒலியைக் கூட்டுவாள் ப்ரோன்வின்.
டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளுவாள்,
என் அழுகைக்கு முன்பதிவு செய்ததுபோல.

கொஞ்சம் இசை. பிறகு ஒரு பெண் குரல்.
பெயர் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.
"நாற்பத்தொன்று பூச்சியம் ஆறு, தமிழ்" என்பாள்.
பெர்த்திலோ அடிலெய்டிலோ
அவள் வீட்டுக் குக்கர் இரண்டு தரம் கூவும்.
எங்கள் மூன்று பேருக்கும் கேட்கும்.
ஒருவரும் காட்டிக்கொள்ளமாட்டோம்.

"எனக்குப் பயமாயிருக்கு" என்று நான் சொன்னால்
"அவவுக்குப் பயமாம்" என்று அவள் சொல்வதில்லை.
ஐ ஆம் அஃப்ரெய்ட், என்கிறாள்.
அதுதான் விதியாம்.
முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது.
இரண்டாம் வாரம்
என்னைவிட அவள் திருத்தமாய்ப் பயப்படுகிறாள்
என்று பட்டது.

அன்றைக்கு, நெஞ்சு பாரமாயிருக்கு என்றேன்.
ஆங்கிலம் வரவில்லை.
லைனில் இரைச்சல் மட்டும்.
"மன்னிக்கவும், உரைபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்.
எந்த நெஞ்சு, அக்கா?"

எந்த நெஞ்சு.
வெட்டி எடுத்ததா,
எடுத்தபின் தட்டையாய் மிஞ்சியதா,
குகதாசன் லைட்டை அணைத்துவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கும்போது
வந்து அடைக்கிறதா?
மகன் கார் பழகும்போது
சீட் பெல்ட்டுக்கும் தழும்புக்கும் இடையில்
சின்னத் தலையணை ஒன்றைச் செருகிக்கொண்டு
பிரேக், பிரேக் என்று கத்துகிறதே, அதா?

வைத்தியசாலையில் தந்த பின்னல் உருண்டை,
பஞ்சு அடைத்தது,
டூங்காபி ஸ்டேஷன் படி ஏறினால்
கழுத்தடிக்கு வந்துவிடும்.
ஒருநாள் கடையில் குனிந்தபோது
கத்தரிக்காய்களுக்குள் விழுந்தது.
நிறுக்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தேன்.
நெஞ்சில் ஒரு கட்டி என்றேன்
ஸ்கான் எடுத்தவளிடம்,
அர்ச்சனைச் சீட்டோடு நின்று ஐயரிடம்,
மச்சாளிடம்.
மச்சாள் இருதயத்துக்கு நல்லதென்று
மீன் எண்ணெய்க் குளிசை வாங்கி வந்தாள்.
குடித்தேன். மூன்று மாதம்.

முலை, என்றேன்.
வளர்ந்தபின் என் வாயால் முதல் தடவை.
மகனுக்குக் கொடுத்த காலத்திலும்
பால் என்றேனே தவிர
அதன் பெயரைச் சொன்னதில்லை.
இடது முலை, என்றேன்.
அதற்கு நான் போய்வா என்று சொல்லவில்லை.
பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள்,
ஏழோடு போய்விட்டேன்.

தொலைபேசி பேசவில்லை.
ப்ரோன்வின் குனிந்து
"இன்டர்பிரிட்டர், ஆர் யூ தேர்?"
மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.
நாற்பத்தொன்று பூச்சியம் ஆறுக்கும்
ஒரு நெஞ்சு இருக்கிறது.
அதில் என்னவென்று கேட்க எனக்கு அனுமதியில்லை,
சொல்ல அவளுக்கும்.

டிஷ்யூப் பெட்டியைத் தொலைபேசிப் பக்கம் தள்ளினேன்.
ப்ரோன்வின் பார்த்தாள். சிரிக்கவில்லை.
பிறகு, கையிலிருந்த சில்லறை ஆங்கிலத்தில்
நானே சொன்னேன்:
லெஃப்ட் பிரெஸ்ட். ஐ டிட் நாட் சே பை.
இலக்கணம் சரியோ தெரியாது.
ப்ரோன்வினின் பேனா நின்றுவிட்டது.

அடுத்த செவ்வாய் வேறு குரல்.
இருபத்தெட்டு ஒன்பது, ஆண்.
பேரப்பிள்ளை காணக்கூடிய வயதாயிருக்கும்.
மார்பகம், என்றார் பத்திரிகைத் தமிழில்.
முலை, என்று திருத்தினேன்.
இருமினார். தண்ணீர் குடித்தார்.
பிறகு விதிப்படி,
அந்த ஆம்பிளைக் குரல்
ஒரு சொல்லும் குறைக்காமல்
"மை பிரெஸ்ட்" என்றது,
"ஐ மிஸ் இட்" என்றது.