கயெரு

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில்
பேர் வாசித்துப் பிரித்துக் கொடுத்தார்கள்,
வீட்டுக்கு ஒருவர், ஒரு ராத்திரிக்கு.
எங்களுக்கு யசுகோ.
ஊரில் வெங்காயம் போடுகிறாராம்.
கை கொடுத்தபோதே தெரிந்தது, காய்த்துப்போன கை.
என்னுடையதும் அப்படித்தான்
செம்பனைக் குலை ஏற்றி இறக்கி.

லாரியைக் கழுவித்தான் எடுத்துப் போயிருந்தேன்.
எத்தனை கழுவினாலும் அந்த வாடை போகாது.
முன்சீட்டில் மூக்கைச் சுளிக்காமல்
எட்டாம் கட்டை வரைக்கும்
வரிசை வரிசையாய் மரங்களை
எண்ணிக்கொண்டே வந்தார்.
எத்தனை என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை.

கோகிலேஸ்வரி இரண்டு நாளாய்ப் படுக்கவில்லை.
இரும்புக்கடை ஆ கியோங்கிடம் காற்றாடி இரவல்,
குளியலறைக்குப் புது வாளி,
ரசத்தில் மிளகு பாதி.
பாதி மிளகுக்கே ஏழு தும்மல்.
ஏழாவதில் எல்லாரும் சிரித்துவிட்டோம்.
அதற்கப்புறம்தான் எங்கள் வீடு
எங்கள் வீடு மாதிரி இருந்தது.

நடுவில் வான்மதியின் கைப்பேசி
யார் எதைப் பேசினாலும் ஒரே பெண்குரலில்.
"உங்கள் மீன் நல்ல மனிதர்" என்றது ஒரு தரம்.
நான் அதனிடம் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

"அந்தக் கதையை எடுக்காதீங்க"
என்றிருந்தாள் கோகிலா காலையிலேயே.
எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை.
எங்கள் லயத்தில் அந்தக் கதை இல்லாத கதவு கிடையாது.
தாத்தாவை லாரியில் ஏற்றினார்கள்,
சயாமுக்கு, தண்டவாளம் போட.
அப்பா அப்போது வயிற்றில்.
படம் ஏதும் இல்லை.
செக்ரோலில் ஒரு பெயர் இருந்ததாம்
பெயருக்கு மேல் ஒரு கோடு.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.
கரண்ட் போனது, காற்றாடி நின்றது,
கைப்பேசியில் லைன் இல்லை.
நாலு பேரும் வெளியே வந்து உட்கார்ந்தோம்.
கால்வாய் முழுக்கத் தவளைகள்.
யசுகோ இருட்டைக் காட்டி
"கயெரு" என்றார்.
"தவளை" என்றாள் வான்மதி.
"தவரே."
"தவளை."
"தவரே."
விட்டுவிட்டார்கள்.

பிறகு இடது உள்ளங்கையை விரித்து
இரண்டு விரலை அதில் நடக்க விட்டார்.
விரல்கள் மணிக்கட்டு வரை போயின,
நின்றன,
திரும்பின,
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன.
அதையும் "கயெரு" என்றார்.
எங்கள் வாசலைத் தொட்டுக் காட்டினார்.
வான்மதிதான் பிடித்தாள்:
"அப்பா, வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கும்
அதே வார்த்தையாம்!"

நான் சிரித்திருக்க வேண்டும்.
கால்வாயில் அவை தம்பாட்டுக்கு
வர்ர் வர்ர் என்று கத்திக்கொண்டிருந்தன.
நம்மில் போகிறவன் போகிறேன் என்பதில்லை.
வர்றேன் என்பான்.
லாரியில் ஏறினவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.
மெழுகுவத்தி தேடுகிறேன் என்று உள்ளே போனேன்.
வத்தி மேசைமேலேயே இருந்தது.
கொஞ்ச நேரம் தேடினேன்.

விடிகாலை நாலரை. அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது.
வாசலில் எங்கள் செருப்புகள் எல்லாம்
ஜோடி ஜோடியாய்,
மூக்கு தெருவைப் பார்க்க.
வான்மதியின் பள்ளிச் சப்பாத்து,
கோகிலாவின் அறுந்து தைத்த சிலிப்பர்,
முள் கிழித்த என் ரப்பர் பூட்ஸ், சேறுகூடத் துடைத்து.
காலை விட்டால் போதும், நடந்துவிடலாம்.
யார் எப்போது எழுந்து செய்தது?

பூட்ஸை மாட்டிக்கொண்டேன்.
ஓரத்தில் அவருடைய வெள்ளைக் கேன்வாஸ்,
அதுவும் தெருவைப் பார்த்து.
குனிந்து
அதை மட்டும் வீட்டைப் பார்க்கத்
திருப்பி வைத்தேன்.

லாரி முதல் முறுக்கில் கிளம்பவில்லை.
இரண்டாவதிலும்
வர்ர், வர்ர் என்றது.